இடது கண்ணால் ஒரு வண்ணத்துப்பூச்சி

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

எலுமிச்சையில் இன்றைக்கு மூன்று புழு. பார்த்தால் காக்கா எச்சம் மாதிரியே இருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாய்க் கொம்பு நீட்டும். அந்தக் கொம்பைப் படம் பிடிக்கத்தான் காலையிலிருந்து முட்டி போட்டுக் கிடந்தேன். போனில் மாட்டுகிற அந்தக் குட்டி லென்ஸோடு ஒரே ரோதனை, கை ஒரு நூல் அசைந்தாலும் எல்லாம் கலங்கிப்போகிறது. எடுத்ததில் ஒன்றே ஒன்று தேறியது.

என் மாமனார் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரித்தார். "ஏம்மா முஹ்சினா, ஊர்ல புழு வந்தா மருந்தடிக்கிறாங்க. நீ இன்னாடான்னா போட்டோ புடிச்சிகினு இருக்கிற." மடியில் அஸ்ரின். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பு. எதற்கென்று தெரியாமலே.

மாமி மவுத்தான பிறகு மாமாவுக்கு எல்லாம் இவள்தான். அவளுக்கும் தாத்தாதான், அவள் வாயில் நன்னா, முதலில், பிறகு அவள் அத்தா, கடைசியில் நான். நான் கச்சிராயபாளையம் ஸ்கூலில் கணக்கு எழுதிவிட்டு ஆறு மணி பஸ்ஸில் வருகிறவள்தானே.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

காலையில் அஸ்ரின் லென்ஸ் கேட்டு அடம். கழற்றிக் கொடுத்தேன். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன் இல்லையா, அதே மாதிரி அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, வலது கண்ணில் வைத்து எறும்பைப் பார்த்தாள். "ம்மா, இதுக்கு மீச இருக்குது!" பிறகு கை மாற்றி இடது கண்ணில் வைத்தாள்.

"எறும்பு பூடுச்சி."

எறும்பு அங்கேயேதான் இருந்தது. அவள் விரல் பக்கத்திலேயே.

திரும்ப வலது. "வந்துருச்சி!" இடது. "பூடுச்சி!" அவளுக்கு விளையாட்டு. கைதட்டிச் சிரிக்கிறாள். நான் லென்ஸை வாங்கிக்கொண்டு, வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடி, செம்பருத்தியைக் காட்டி இது என்னடி என்றேன். "தெர்ல." நான் யாரு? "அம்மா." குரலை வைத்துச் சொன்னாளோ? நாக்கைத் துருத்திக் காட்டினேன். சிரிக்கவில்லை. கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றரை வயது. பூச்சியின் கண்ணையெல்லாம் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தேனே, பெற்ற பிள்ளையின் கண்ணை ஒரு நாள் பார்த்தேனா?

ஆகஸ்ட் 12

இவர், அஸ்ரின் அத்தா, சொன்னது ஒன்றே ஒன்று. "போனு ஜாஸ்தி காட்டாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்." அதற்குமேல் நான் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

விழுப்புரத்தில் பஸ் மாறி புதுச்சேரி. பெரிய கண் ஆஸ்பத்திரி. இவர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். செருப்புக் கடையைச் செவ்வாய்க்கிழமை சாத்தி நான் பார்த்ததில்லை.

டாக்டர் அம்மா நல்ல மாதிரி. சுவரில் குடை, வீடு, ஆப்பிள் படங்கள். அஸ்ரின் வலது கண்ணால் கடைசி வரிசை வரைக்கும் கடகடவென்று சொன்னாள். இடது கண்ணுக்கு முதல் வரிசைக் குடை மட்டும். அதுவும் யோசித்து.

போன் பார்த்ததால் வந்தது இல்லையாம். பிறக்கும்போதே இடது கண்ணில் பவர் அதிகம். அதனால் மூளை அந்தக் கண்ணைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. "கண்ணுல நோய் இல்லம்மா, வேல செய்யாம சோம்பேறி ஆயிடுச்சி. நல்ல கண்ண தினம் கொஞ்ச நேரம் மூடுனா இது வேல செஞ்சே ஆவணும்." கண்ணாடி. வலது கண்ணுக்கு ஒட்டுகிற பேட்ச். பகலில், விளையாடுகிற நேரத்தில், தினமும். "இப்ப செஞ்சாதான் உண்டு. வளந்த பொறவு வந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

இவர் வெளியே வந்து என் கையைப் பிடித்தார். பன்னிரண்டாம் தேதி சொன்னதற்கு அதுதான் மன்னிப்பு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

முதல் நாள் பேட்ச். ஒட்டினதும் அப்படியே நின்றாள். பிறகு சுவரைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்து, "என் கண்ண குடும்மா."



செப்டம்பர் 1, ஞாயிறு

ஒரு வழி கண்டுபிடித்தேன். பூச்சியைப் போனில் பிடித்து, பெரிசாக்கி முதலில் காட்டுகிறேன். பிறகு செடியில் தேடச் சொல்கிறேன். டாக்டர் அம்மா சொன்னதும் அதுதான், சின்னதாய் ஏதாவது பார்க்க வையுங்கள் என்று. வண்ணத்துப்பூச்சி ஆகாது, உட்காரவே மாட்டேன் என்கிறது. வெட்டுக்கிளி, பொறிவண்டு, செம்பருத்திக்கு அடியில் மாவுப்பூச்சியை மேய்க்கிற எறும்பு, இதெல்லாம் ஓடாது.

முகத்தை இலையோடு ஒட்டிக்கொண்டு தேடினாள். கிடைக்கவில்லை. அழுகை. நான் இன்னும் பெரிய பூச்சியாய்த் தேட, அவள் தரையில் உருள. பக்கத்து வீட்டுப் பெரியநாயகி அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து, "புள்ளைக்கி இன்னாங்க கண்ணுல? அடிபட்டுச்சா? பொம்பளப் புள்ளையாச்சே" என்றார். பொம்பளைப் புள்ளைக்கு மட்டும்தான் கண் வேணுமா? வாய்வரைக்கும் வந்தது. சிரித்துவைத்தேன்.

செப்டம்பர் 19

வார நாளில் மாமா பார்த்துக்கொள்கிறார். நான் கிளம்பும்போது பேட்ச் ஒட்டிவிட்டுப் போகிறேன், சாயங்காலம் வரும்போது ஒட்டினபடியே இருக்கிறது. எப்படி மாமா என்றால், "சமத்தா இருக்குதும்மா, ஒரு சத்தம் இல்ல" என்கிறார். என்னிடம் மட்டும் ஏன் இந்த ரகளை? ஞாயிற்றுக்கிழமை வந்தாலே பயமாக இருக்கிறது. எனக்குப் பொறுமை போதவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஸ்கூலில் மணிமொழி டீச்சரிடம் சொன்னேன். "பசங்க அடத்த அம்மாகிட்டதான் காட்டும்" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னது.

அக்டோபர் 13, ஞாயிறு

கறிவேப்பிலையில் இருந்த பெரிய பச்சைப் புழுவைக் குளவி தூக்கிக்கொண்டு போனது. விரட்டியிருக்கலாம். போன் கையில் இருந்ததா, படம் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டேன். படம் நன்றாக வந்திருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

முதல் ரிவியூ. இடது கண்ணுக்கு அதே முதல் வரிசைக் குடை. அவ்வளவுதான். ஒரு வரிசை கூட ஏறவில்லை.

டாக்டர் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "தினமும் ஒட்டுறீங்களா? உண்மையச் சொல்லுங்க, திட்ட மாட்டேன்." அல்லா மேல் ஆணையாகத் தினமும் மேடம் என்றேன். அவர் நம்பவில்லை. "அப்ப இந்நேரம் கொஞ்சமாச்சும் ஏறணுமே." இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். அந்த "பார்ப்போம்" எப்படி இருந்தது என்றால் – வேண்டாம்.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க அஸ்ரின் என் தோளில் தூங்கினாள். எல்லாம் செய்தேனே. என்ன விட்டேன்? எதை விட்டேன்?

நவம்பர் 25, திங்கள்

ஸ்கூலில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய் மத்தியானமே விட்டுவிட்டார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் வேறு கிடைத்தது. கல்வராயன் மேல் மேகம் இறங்கியிருந்தது. சந்தோஷமாகத்தான் வந்தேன். பகல் வெளிச்சத்தில் அவளோடு கொஞ்ச நேரம் என்று.

பின்பக்கம் சிரிப்புச் சத்தம். போனேன். மாமா மடியில் அஸ்ரின். கண்ணாடி இல்லை. பேட்ச் இல்லை. வலது கண் பளிச்சென்று திறந்திருக்கிறது, இடது கண்ணுக்கு மட்டும் சுர்மா தீட்டியிருக்கிறது, கருகருவென்று. பேட்ச் நாற்காலிக் கையில் ஒட்டியிருந்தது. நான் வருகிற நேரத்துக்கு எடுத்து ஒட்டுவதற்கு.

"எத்தினி நாளா மாமா?"

"கோவப்படாதம்மா..."

"எத்தினி நாளா?"

"நீ வேலைக்கிப் போற நாளெல்லாம்." எழுந்து நின்றுவிட்டார். "பாக்குற கண்ண மூடிட்டு, பாக்காத கண்ண தொறந்து வுட்டா புள்ள எப்பிடிம்மா நடக்கும்? கெட்ட கண்ணுக்குத்தான வைத்தியம் பண்ணணும்? அந்த டாக்டரு மாத்தி சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன். சுர்மா போட்டா பார்வ ஏறும். எங்க அத்தா எனக்குப் போட்டாரு, இன்னிக்கும் கண்ணாடி இல்லாம ஓதுறேன். நீ வர்றதுக்குள்ள தொடச்சி வுட்டுருவேன்..."

கத்திட்டேன். அவ கண்ணு போச்சுன்னா நீங்க குடுப்பீங்களா உங்க கண்ணன்னு கத்திட்டேன். மாமாவைப் பார்த்து. மதிலுக்கு அந்தப் பக்கம் பெரியநாயகி அக்கா பாத்திரம் கழுவுற சத்தம் நின்னுபோச்சு. அஸ்ரின் அவர் காலைக் கட்டிக்கிட்டு என்னைப் பார்த்து அழுவுறா. என்னைப் பார்த்துதான் பயம் அவளுக்கு.

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். எல்லாம் போச்சு.

நவம்பர் 26

இவர் சொல்கிறார், "அத்தா செஞ்சது தப்புதான். நீ பேசுனதும் தப்புதான். நான் இன்னா பண்ண, சொல்லு." மாமா பள்ளிவாசலுக்குப் போனால் ராத்திரி இஷா தொழுகை முடிந்துதான் வருகிறார். தட்டு வைத்தால் சாப்பிடுகிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அரைப்பரீட்சை முடியும்வரை லீவ் இல்லை என்றுவிட்டார்கள். நான் போனால் யார் பார்த்துக்கொள்வது? அதே மாமாதான். வேறு யார் இருக்கிறார்கள்?

நவம்பர் 28

காலையில் நான் ஒட்டினேன். கடித்தாள். "நீ வாணாம் போ" என்றாள். மாமா சாயங்காலம் வரைக்கும் எடுக்கவில்லை என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. நம்புவதா?

டிசம்பர் 1, ஞாயிறு

மழை. பூச்சி ஒன்றும் இல்லை. நானும் தேடவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

மாமா காலையில் எங்கோ கிளம்பிப் போனார். அஸ்ரினைப் பெரியநாயகி அக்காவிடம் விட்டுவிட்டு, சொல்லாமல். நான் வந்து சேர்ந்தபோதுதான் அவரும் வந்தார், வெள்ளைச் சட்டையெல்லாம் கசங்கி.

புதுச்சேரி போயிருக்கிறார். தனியாக, பஸ் மாறி, சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து டாக்டர் அம்மாவைப் பார்த்திருக்கிறார். கண்ணு உங்களுக்கா என்று கேட்டார்களாம். இல்லம்மா, எம் பேத்திக்கி, கெடுத்தது நானு, அதான் நானே கேட்டுகினு போவ வந்தேன் என்றாராம்.

"மூத்தவன் சம்பாரிக்கிற வூட்டுல எளையவன் உக்காந்து தின்னுகினு இருப்பான் பாரு, அந்தக் கதம்மா இது. மூத்தவன வெளிய அனுப்புனாத்தான் இவன் எழுந்துருப்பானாம்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "எனுக்குத் தெரியலம்மா."

"மாமா, அன்னிக்கி நான்..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "இனிமே பேட்ச நான்தான் ஒட்டுவேன். ஞாயித்துக்கெழமயும் நான்தான். நீ தொடாத. புள்ள பெத்தவள வெறுக்கக் கூடாது. என்ன வெறுத்துட்டுப் போவுது. கெழவன்தான."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு அலுப்பாக இருந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

நான் அடுப்படியில் நின்று கேட்டேன். "வாணாம் நன்னா, வாணாம் நன்னா." பிறகு அழுகை. பிறகு அவர் குரல், "இந்தா முடிஞ்சிருச்சி, முடிஞ்சிருச்சி கண்ணு." நான் ஏன் போகவில்லை? போயிருந்தால் அவர் எடுத்துவிட்டிருப்பார். இல்லை, நான் எடுத்துவிட்டிருப்பேன்.

ஜனவரி 3, 2025

"நன்னா கெட்டவரு" என்று இவரிடம் சொன்னாள். மடிக்குப் போவதே இல்லை. என்னிடம் ஒட்டிக்கொள்கிறாள். ராத்திரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூக்கம். இவ்வளவு நாள் ஏங்கினது இதற்குத்தான். கிடைத்தபோது சந்தோஷப்படவும் முடியவில்லை.

ஜனவரி 14

பொங்கல் லீவ். இவருடைய பழைய போனில் மாமா பூச்சி எடுக்கிறார். நான் இல்லாத நேரத்தில் தேட வைப்பதற்காம். பார்த்தேன். பாதி அவர் கட்டைவிரல். மீதி முழுக்கப் புகை. நடுவில் ஒரு எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி, இறக்கை விரித்து, தப்பித் தவறி அப்படியொரு தெளிவு. என்னிடம் இப்படி ஒன்று இல்லை. "நல்லா இருக்கு மாமா" என்றேன். "புள்ள என்னப் பாக்க மாட்டேங்குதும்மா. போன வாங்கிகினு திரும்பிக்குது. ஆனா தேடுது. எனுக்கு முதுகக் காட்டிகினு தேடுது."

லென்ஸைக் கழற்றி அவர் போனில் மாட்டிவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

பேட்ச் ஒட்டினபடி ஒரு வெட்டுக்கிளி கண்டுபிடித்தாள். பெரியதுதான். தற்செயலாக இருக்கும். இவரிடம் சொல்லவில்லை. ஆசைப்பட்டு ஏமாந்தது போதும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அடுத்த வாரம் ரிவியூ. இந்த முறை உண்மையிலேயே தினமும். அப்படியும் ஏறவில்லை என்றால்?

காலையில் மாமா வழக்கம்போல பேட்ச் ஒட்டினார். வழக்கம்போல அழுதுவிட்டு என்னிடம் ஓடிவந்துவிட்டாள். அடுப்படிப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், கண்ணாடியும் பேட்சுமாக. மாமா வெல்லம் போட்ட பொரிகடலையை நீட்டிப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் போய்த் தோட்டத்து அந்தக் கோடியில், எலுமிச்சைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அவர் தள்ளி உட்கார்ந்தால்தான் இவள் தோட்டத்தில் இறங்குகிறாள்.

நான் செம்பருத்தியில் ஒரு சிலந்தியை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று. சரியாக விழவில்லை.

"ம்மா."

"ம்."

"நன்னா மூஞ்சில பூச்சி."

"எங்கடி?"

"கன்னத்துல. கீழ எறங்கிகினே வருது பாரு."

பார்த்தேன். அங்கிருந்து இங்கே எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். அவள் வலது கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். பேட்ச் ஓரமெல்லாம் சரியாக ஒட்டியிருந்தது. மாமா மூஞ்சியில் பூச்சி இல்லை. கன்னம் ஈரமாய் மின்னியது.

"நன்னாவக் கடிச்சிருமாம்மா?"

"போய்த் தட்டி வுடு" என்றேன்.

போனாள்.