பாலத்தில் ஒரு கிண்ணம்

அன்புத் தம்பி கெல்புவுக்கு,

அக்கா சோக்யி எழுதுகிறேன். அந்தப் பாலைவன வெயிலில் உன் உடம்பும் மனமும் நலமாக இருக்க மும்மணிகளும் துணை நிற்கட்டும். இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். வேறெதையும் விட இதை முதலில் எழுதிவிட நினைத்தேன்.

போனில் சொல்லத்தான் பார்த்தேன். நீ கத்திவிட்டு வைத்துவிடுகிறாய். நம் சமையல்கார ஆங்சுக் இந்த வாரம் கத்தாருக்கு வேலைக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தை நீ கிழித்தாலும் கொஞ்சமாவது படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

முதலில் அத்தானைப் பற்றி. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கஞ்சியும் சூப்பும் உறிஞ்சு குழாய் வழியாகத்தான். வலது மணிக்கட்டு இனிப் பழையபடி வளையாது என்று காத்மாண்டு டாக்டர் சொல்லிவிட்டார். இனிமேல் பயணிகளை மலைக்கு அழைத்துப் போக முடியுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவருடைய மலைச் செருப்புக்கு மட்டும் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

நடந்ததைப் பலர் உனக்குப் பலவிதமாகச் சொல்லியிருப்பார்கள். நான் கண்ணால் பார்த்தவள். கேள்.

அத்தான் ஆறு ஜெர்மன்காரர்களை மேல் மடாலயத்துக்கு அழைத்துப் போகும் வழியில் நம் விடுதியில் தங்கியிருந்தார். கூடாரச் சுமை நம் ஊர்க் கழுதைக்காரன் தர்கேயின் கோவேறு கழுதை மேல், அதுதான் அந்த வெள்ளைக் கர்மோ. மண்சரிவுப் பாதையில் கால் தவறி ஆற்றங்கரைப் பாறைகளில் விழுந்தது. முன்னங்கால் இரண்டும் ஒடிந்து எலும்பு வெளியே தெரிந்தது. அது கத்திய கத்தலில் விடுதியில் ஒருவரும் சாப்பிடவில்லை.

நம் பள்ளத்தாக்கின் சபதம் உனக்குத் தெரியும். கோழியைக்கூட மூப்பு வந்துதான் சாகவிடுவோம். "உங்க ஊர்ல பேன்கூட பென்ஷன் வாங்கிட்டுத்தான் சாகும்" என்று கல்யாணமான புதிதில் அத்தான் கேலி செய்வாரே, அதுதான். தர்கே அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சத்துமாவை வாயில் வைத்து, மந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தான். அது சாகவில்லை. மறுநாள் காக்கைகள் வந்து அவன் கண் முன்னாலேயே அதன் ஒரு கண்ணைக் கொத்தின.

தர்கே தண்ணீர் எடுக்க எழுந்து போன நேரத்தில் அத்தான் இறங்கிப் போனார். நம் அப்பாவின் குக்ரிக் கத்தியால் ஒரே வெட்டு. சத்தம் நின்றதும் ஆற்றின் ஓசை திரும்பக் கேட்டது. முழங்கை வரை ரத்தத்தோடு அவர் ஏறி வந்தபோது ஜெர்மன்காரர்களில் ஒரு அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பின்னால் திரும்பி வந்த தர்கே குடத்தைச் சாய்த்துத் தண்ணீரை அந்த ரத்தத்தின் மேல் ஊற்றினான்.

அவர்கள் மடாலயத்துக்கு ஏறிப் போனார்கள். அவர்கள் மேலே இருக்கும்போது ஆலங்கட்டி மழை பெய்தது. கதிர் பிடித்த பார்லி முழுவதும் தரையோடு தரை. சபதம் உடைந்ததால்தான் என்று யார் முதலில் சொன்னது என்று தெரியாது. "வெளியூர் மாப்பிள்ளையோட கத்தி உறைக்குள்ள தூங்குமா?" என்று பக்கத்து வீட்டுப் புட்டி என் காதில் விழும்படியே சொன்னாள். மாலைக்குள் ஊரே அதைச் சொன்னது.

அத்தான் இறங்கி வரும்போது, மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச் சுவருக்குப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். தர்கேதான் முதல் அடி. கழுதை ஓட்டும் கம்பால் அந்த மணிக்கட்டில். "இந்தக் கைதானே?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் எல்லோரும். நமக்கு விறகு கொண்டு வருபவன், என் பள்ளியில் நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள். நான் ஒருவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன், கொத்தாகக் கையோடு வந்தது. அத்தான் மண்டியிட்டு விழுந்த பிறகும் விடவில்லை. தர்கே சுவரிலிருந்து ஒரு கல்லை உருவி வாயில் அடித்தான். பற்களும் ரத்தமும் கல்லோடு கீழே விழுந்தன. அதில் செதுக்கியிருந்த மந்திரம் சிவப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் கைகள் நின்றன. உழும்போது மண்புழு வந்தால் ஓரமாக எடுத்துவிடும் கைகள்.

தம்பி, கல்லூரியில் படித்தவளுக்கு ரோஷம் இல்லையா என்று கேட்டாய். இருக்கிறது. காத்மாண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பிய சில நாட்களில் தர்கே வந்தான். ஒரு குடம் பார்லிக் கள், வெண்பட்டுத் துண்டு, துணியில் சுற்றிய அந்தக் கல். வாசலில் உட்கார்ந்தான். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பாத்திரத்தோடு அவன் முகத்தில் கொட்டுவதற்காகத் தூக்கினேன். என் விரல்கள் வெந்தன, கொப்புளம் இன்னும் ஆறவில்லை. நான் கதவுக்குப் போவதற்குள் அத்தான் எழுந்து போய்த் திறந்துவிட்டார்.

தர்கே நிமிர்ந்து பார்க்கவில்லை. "நொர்பு, கர்மோவை வெட்டினதுக்காக உன்னை அடிக்கல. அது கத்தினப்போ எனக்கும் கை துடிச்சுது. ரெண்டு தடவ கல்லைத் தூக்கிட்டுக் கீழ போட்டேன். என்னால முடியாததை நீ செஞ்சே. அதுக்குத்தான் அடிச்சேன்" என்றான்.

அத்தான் இடது மோதிர விரலைக் கள்ளில் தோய்த்து தெய்வங்களுக்கு மூன்று முறை தெறித்தார். பிறகு என்னிடம் சைகை காட்டி உறிஞ்சு குழாயைக் கேட்டார். தாடை கட்டிய மனிதன் குழாய் போட்டு சமாதானக் கள் குடித்ததை இந்த ஊர் முன்பு பார்த்திருக்காது. தர்கே சிரித்துவிட்டு, உடனே முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அத்தானுக்குப் பிறகு நான் குடித்தேன். இறங்கவில்லை, ஆனாலும் குடித்தேன்.

வழக்கப்படி மனைவியின் சகோதரனும் குடித்தால்தான் வழக்கு முடியும். அது நீ.

தர்கேயின் கையை வெட்டப்போவதாக நீ அவனுக்குப் போன் செய்தாய். அவனே என்னிடம் சொன்னான், வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவன் தம்பிகள் இரண்டு பேருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. மரம் வெட்டப் போகாத நாளிலும் கத்தி செருகிக்கொண்டு திரிகிறார்கள். நீ ஒருவனை வெட்டுவாய், அவர்கள் உன்னை வெட்டுவார்கள், அதன்பின் உன் பிள்ளைகள் வளர்வார்கள்.

அப்பாவின் குக்ரியை வீட்டில் தேடாதே. மடாலயத்தில் காவல் தெய்வத்தின் இருட்டறையில், பழைய வாள்களுக்கு நடுவே தொங்கவிட்டுவிட்டேன். கழுவாமல்தான் கொடுத்தேன். அங்கே போன ஆயுதம் திரும்பாது.

மழைக்கு முன்பு வருகிறேன் என்றாய். வா. தொங்குபாலத்தில் தர்கே கிண்ணத்தோடு தனியாக நிற்பான். எது நடந்தாலும் அங்கேயே நடக்கட்டும், தன் பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். நான் அவனுக்கு முன்னால் நிற்பேன்.

வரும்போது அத்தானுக்கு வளையும் ரக உறிஞ்சு குழாய் ஒரு பெட்டி, எனக்குத் தீப்புண் மருந்து, பள்ளிக்குக் கால்பந்து ஒன்று, வீட்டுக்குப் பெரிய கம்பளி, முடிந்தால் பேரீச்சம்பழம். இரண்டு கையும் நிறையத் தூக்கிக்கொண்டு வா. பாலத்தில் எல்லாவற்றையும் நான் வாங்கிக்கொள்கிறேன். அப்போது உன் கைகள் காலியாக இருக்கும், கிண்ணத்தைப் பிடிக்க.

நீ பிறந்த அன்று உன்னை முதலில் ஏந்திய கையால் ஆசீர்வதிக்கிறேன்.

உன் அக்கா,
சோக்யி