கணேஸ் தன் போனுக்கு வைத்த பேர்

2026 பெப்ரவரி 3

கண்டிக்கு ரயில் வராமல் நின்ற அந்தக் கார்த்திகைப் புயலில்தான் ஹந்தானையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மண் இறங்கியது. என் மகன் கணேஸ் செத்ததும் அன்றைக்குத்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் தர்ஷிகா எழுதுகிறாள்.

சேற்றில் கிடைத்த அவனுடைய போனில் கண்ணாடி நொறுங்கிவிட்டது. உயிர் மட்டும் இருக்கிறது. நான் கங்காணியாக இருந்த காலத்தில் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணும்போது, கூப்பிட்ட முப்பத்தெட்டுப் பேரையும் வரிசை மாறாமல் சொல்ல, அவன் கேள்வி கேட்டுக் கேட்டு அதில் பதிந்தான். அவன் குரல் வேறெங்கும் இல்லை.

பெப்ரவரி 5

அவனுக்கும் தர்ஷிகாவுக்கும் ஒரே மாதிரி லினக்ஸ் போன். அவள் போனிலிருந்தே அவன் போனைத் திறக்கச் சாவி போட்டு வைத்திருக்கிறான். ஆனால் லயம் முழுக்க ஒரே வைஃபை, ஊர்ப்பட்ட போன். கரண்ட் போய் வந்தால் வைஃபை ஒவ்வொரு போனுக்கும் கொடுக்கிற இலக்கமும் மாறிவிடுகிறதாம். பேர் சொல்லிக் கூப்பிட்டால், அந்தப் பேருக்குரியது மட்டும் பதில் சொல்லுமாம். அதற்கு அவள் போனில் ‘அவாஹி’ என்று ஒரு புரோகிராம் போட வேண்டும்.

“நம்ம பெரட்டு மாதிரிதான் மாமா.”

“அப்ப கூப்பிடு புள்ள. ஏன் பாத்துக்கிட்டு இருக்க?”

பெப்ரவரி 6

போட்டாள். சோதிக்க அவளுடைய வேலைக் கணினியைக் கூப்பிட்டாள். பதில் இல்லை.

பெப்ரவரி 8

அவள் போனில் இருந்த ஃபயர்வால் என்ற காவலே பதிலை உள்ளே விடாமல் மறித்திருக்கிறது. வழி திறந்துவிட்டாள். அவளுடைய வேலைக் கணினியைக் கூப்பிட்டதும் பதில் வந்தது. கணேஸின் போனைக் கூப்பிடத்தான் பேர் தெரியவில்லை. அவன் என்ன பேர் வைத்தான்?

“ஒங்க பெரட்டுப் பேருதான் வச்சிருக்கேன்னாரு. எதுன்னு சொல்லல மாமா.”

பன்னிரண்டாவது பேர் பாலம்மா. அவனைப் பெற்றவள். அதுதான் என்று நினைத்தேன். இல்லை.

பெப்ரவரி 11

முப்பத்தெட்டும் முடிந்தது. ஒவ்வொரு பேருக்கும் அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. பேட்டரி வேறு வீங்குகிறது. நாளையோடு நிறுத்த வேண்டும் என்கிறாள். ஏன்டா மகனே இப்படிப் பண்ணுன? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?

பெப்ரவரி 12

காலையில் தேத்தண்ணி தரும்போது கேட்டாள்: “கூப்பிட்ட ஆளு பேரு அதுல இல்லியா மாமா?”

“கூப்பிடுறவன் தன் பேரயே கூப்பிடுவானா? கூறுகெட்ட கேள்வி.”

அவள் போனை எடுத்தாள். என் பேரைப் போட்டாள். உடனே பதில் வந்தது.

பதிவு எல்லாவற்றையும் தன் போனுக்கு எடுத்துவிட்டு அவன் போனை அணைத்தாள். பிறகு கேட்டோம். நான் முப்பத்தெட்டையும் சொல்லி முடிக்கிறேன். “இதுல இன்னும் யாருப்பா உயிரோட இருக்காங்க?” என்கிறான். “ஒருத்தருமில்ல” என்கிறேன். அவன் சிரிக்கிறான். “கங்காணிய விட்டுட்டீங்களே. பொன்னையா!”

அன்றைக்குச் சும்மா இருடா என்றேன். இன்றைக்குப் பதில் சொன்னேன்.

தர்ஷிகா, எழுது. முப்பத்தொன்பது, பொன்னையா. இருக்கிறான்.