கூரை மடிக்கிற கார்

கண்டி, 14.10.1934

அன்பு மனைவி றலியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் இருமல் நின்றதா? உம்மா சரியாகச் சாப்பிடுகிறாவா? நான் சுகம்.

ஒரு சிரிப்பான சேதி. சீமைக்குத் திரும்புகிற ஹேவாஹெட்டத் தோட்டத்துத் துரையிடம் பழைய கார் ஒன்று வாங்கிவிட்டேன். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, துணிக்கூரையைப் பின்னால் மடிக்கலாம். என் கைக்காசுக்கு அதுதான் கிடைத்தது. பெருநாளுக்கு உன்னை அதில் கண்டிக்குக் கூட்டிவர நினைத்தேன்.

பிலிமத்தலாவையில் கார் திருத்துகிற பாயிஸ் நானா கூரையை இழுத்தார். கிழிந்து கையோடு வந்துவிட்டது.

"தம்பி, உங்கட பொஞ்சாதிய இதில எப்பிடி ஏத்துவீங்க? திரை கட்ட ஒரு கம்பிகூட இல்லயே!" என்றார்.

அந்நிய ஆண்கள் பார்ப்பார்கள் என்று திரை கட்டாத மாட்டுவண்டியில்கூட நீ ஏறியதில்லை. வாங்கும்போது அது என் புத்திக்கு வரவேயில்லை. விற்கவும் பார்த்தேன். இந்த மழை ஊரில் யார் வாங்குவார்?

நம் வண்டியின் பழைய திரையை அனுப்பி வை. காருக்குக் கட்ட அல்ல, நான் போர்த்திக்கொள்ள. கார் வாங்குவதற்காக வாடகை அறையை விட்டுவிட்டேன். இப்போது காரில்தான் படுக்கை. உம்மாவிடம் சொல்லாதே.

கடை முதலாளி கூப்பிடுகிறார். உனக்கென்று வைத்த இருக்கையில்தான் கால் நீட்டுகிறேன், கோபிக்காதே.

பளீல்