அறிவிப்பை வெளியிடும் உரிமை அங்கம்மாவுக்கு

கோத்தா திங்கி,
டிசம்பர் 9.

அன்பு மகன் ஹேமநாதனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், டப்ளின் குளிரில் நீயும் பிரேமலாவும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் கடையில் இனிப்பாக ஆற்றித் தரும் அந்தப் பால் டீ, தே தாரேக்கை மட்டும் விட மாட்டேன் என்கிறார், நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். பின்கட்டு ரம்புத்தான் இந்த வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய், ஆனால் அடுத்து சொல்லப் போவதைப் போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே விடுங்கம்மா என்று அடக்கிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் சனிக்கிழமை கணினிக் குழுவில் இருக்கும் அங்கம்மாவை உனக்குத் தெரியும், நீரிழிவில் ஒரு காலை இழந்து சக்கர நாற்காலியில் இருப்பவர். போன ஜனவரி வெள்ளத்தில் அவரும் அவர் தங்கையும் ஒரு பள்ளிக்கூடத்தில் நிவாரண மையம் திறந்திருக்கிறது என்று நம்பிப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் மூன்று மணி நேரம் மழையில் கிடந்ததைச் சொல்லியிருந்தேன். அந்தச் செய்தியை வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான்தான் என்பதை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. எங்கிருந்தோ வந்தது, தேதி பார்க்காமல் தட்டிவிட்டேன். அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்துச் செய்தி. அங்கம்மா காய்ச்சலில் ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார், நான் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன், பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினேன், அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இணையத்தளம் கட்டக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளை உனக்குத் தெரியாமலா இருக்கும், எனக்கு அது பிடிபட நாலு மாதம் ஆனது. குழுத் தலைவர் ஐயாசாமியிடம் சொன்னேன், செப்டம்பர் கூட்டத்துல நீங்களே எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க என்றார். பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். முப்பத்தொரு வருஷம் பள்ளி அலுவலகத்தில் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டவள் நான், அதனால் கணினிப் பேச்சை விட்டுவிட்டு அப்படியே விளக்கினேன். இணையத்தளமும் ஒரு பலகை மாதிரி, எல்லாருக்கும் அது ஒன்றுதான், எழுதிய தேதி தானாக விழும், தப்பாக எழுதினால் அதே இடத்தில் திருத்தலாம், அப்புறம் திறந்து பார்ப்பவர் எல்லாரும் திருத்தியதைத்தான் பார்ப்பார்கள், கட்டத்துக்குள் தட்டச்சு செய்யத் தெரிந்தால் போதும் என்றேன். திரையில் அவர்கள் கண்ணெதிரே தலைப்பு வைத்து, நம் ஆற்றின் படத்தை ஏற்றிக் காட்டினேன். அப்போது சாப்பாட்டுக் கடை சர்புதீன் எழுந்து, எல்லார் கையிலயும் வாட்ஸ்அப் இருக்குதே அக்கா, இது எதுக்குலா இவ்வளோ சிரமம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஏதாவது மழுப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் முன்வரிசையில் அங்கம்மா நோட்டில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார், அவரைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. ஜனவரியில் வந்த அந்தப் பழைய செய்தியை அனுப்பினது நான்தான், அதைத் திருத்த வழி தெரிவதற்குள் அது நாற்பது பேருக்குப் போயிருந்தது, அதற்காகத்தான் இது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அங்கம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, எனக்கு அன்னிக்கே தெரியும், செய்திக்கு மேல உங்க பேருதானே இருந்துச்சு, நீங்களா எப்பச் சொல்றீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன் என்றார். தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. சரி, மேல பாடத்தைச் சொல்லுங்க, இதுல எழுதுறவங்க ஒருத்தரு, பாத்துட்டு வெளியிடுறவங்க இன்னொருத்தருன்னு வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும், எழுதுபவர் வேறு, தொகுப்பாளர் வேறு என்று உரிமை பிரித்துக் கொடுக்கலாம் என்றேன். அப்படின்னா நீங்க எழுதுங்க, வெளியிடுற பொத்தான் என்கிட்ட இருக்கட்டும் என்றார். சர்புதீன்தான் முதலில் கை தட்டினார். அன்றைக்கே அங்கம்மாவைத் தொகுப்பாளராகவும் என்னை வெறும் எழுதுபவராகவும் போட்டேன், பாடம் நடத்திய எனக்கு ஒரு வரியைக்கூட வெளியிட உரிமை இல்லை. அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலிருந்து மழை, மதியத்துக்குள் ஆறு கரையைத் தொட்டுவிட்டது. நிவாரண மையத்துக்கு நானே போன் போட்டுத் திறந்திருக்கிறதா என்று கேட்டு, எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் அங்கம்மா திருப்பி அனுப்பிவிட்டார், எத்தனை மணிக்குக் கேட்டீங்க, யாரு சொன்னாங்க, சக்கர நாற்காலி ஏற வழி இருக்கா, ஒண்ணுமே போடலியே என்று. மறுபடி போன் போட்டேன். வாசலில் படிதான், பின்பக்கம் சரிவுப் பாதை இருக்கிறது என்றார்கள், அதையும் சேர்த்தேன், அப்புறம்தான் வெளியிட்டார். பதினொரு குடும்பத்தார் அதைப் பார்த்து நேராகச் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள், அங்கம்மாவும் அவர் தங்கையும் அதில் அடக்கம். அவர்கள் இருவரையும் சர்புதீன் தன் வேனில் கொண்டுபோய்ப் பின்பக்கம் இறக்கினார். நம் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை, பயப்படாதே. தண்ணீர் வடிந்து வீடு திரும்பியதும் அங்கம்மா எனக்குப் போன் செய்தார். அக்கா, எனக்கு அந்தத் தளத்துல படம் போடத் தெரியல, நாளைக்கி வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுங்க, மத்தியானம் இங்கயே சாப்பிடலாம் என்றார். ஜனவரிக்குப் பிறகு அவர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. நாளைக் காலை பத்து மணிக்குப் போகிறேன், என்ன புடவை கட்டுவது என்று இரண்டு தடவை அலமாரியைத் திறந்துவிட்டேன்.

கடவுள் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் மன நிம்மதியையும் தரட்டும். பல் வலியைத் தள்ளிப் போடாமல் இந்த வாரமே டாக்டரைப் பார், பிரேமலாவை வேலை முடிந்து இருட்டில் தனியே நடந்து வர விடாதே.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா தனலெட்சுமி