அணைத்த பின் கேட்கும் சத்தம்

ஜூலை 8, திங்கள்

வெர்லின் தன் தோட்ட டிராக்டரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தான். இரண்டு பண்ணை தள்ளி இருக்கிறான், பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். வண்டிக்கு நாற்பது வயது, ஒற்றை சிலிண்டர். ஓடும்போது ஒன்றும் இல்லையாம். சாவியைத் திருப்பி அணைத்ததும், இஞ்சின் நிற்பதற்குள் உள்ளே ஏதோ கடகடக்கிறதாம், கடைசியில் ஒரு ‘டொக்’. இருபதாம் தேதி எங்கள் மாவட்டச் சந்தையில் டிராக்டர்களுக்கு எடை இழுக்கும் போட்டி. பெயர் கொடுத்துவிட்டான்.

மூன்று தடவை ஓட்டி அணைத்தோம். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அப்படிச் சொல்லவில்லை. சைலன்சர் மூடியின் திருகு தளர்ந்திருக்கிறது என்றேன். நிஜமாகவே தளர்ந்துதான் இருந்தது, முறுக்கினேன். முழு வேகத்தில் அணைக்காதே, வேகத்தைக் குறைத்து அரை நிமிஷம் ஓடவிட்டு அணை என்று புத்திமதி வேறு. சுற்று வட்டாரத்தில் இஞ்சினில் வேண்டாத சத்தம் என்றால் என் கொட்டகைக்குத்தான் வருவார்கள். முப்பத்தொரு வருஷம் காதை வைத்துப் பிழைத்தவன் நான்.

ஜூலை 9, செவ்வாய்

மழை. இரண்டு புல்வெட்டிகளுக்கு பிளேடு தீட்டினேன்.

ஜூலை 11, வியாழன்

வெர்லின் தன் தோட்டத்தில் விளைந்த புளிப்பு ருபார்ப் தண்டு ஒரு கட்டு கொண்டுவந்தான். சொன்னபடி அரை நிமிஷம் ஓடவிட்டுத்தான் அணைக்கிறானாம். “கொஞ்சம் தேவலை போலத்தான் இருக்கு” என்றான். பிறகு சோளம் பற்றிப் பேசினான். காரில் ஏறினான், இறங்கினான், மறுபடி சோளம்.

என் மனைவி ஆர்டிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அவன் போனதும் சொன்னாள்: “தேவலைன்னுட்டு முக்கால் மணி நேரம் நிக்கறான்னா, தேவலையே இல்லன்னு அர்த்தம். உன் மூஞ்சிக்கு நேரா நீ சொன்னது தப்புன்னு சொல்லிருவானா அவன்?”

சொல்ல மாட்டான். இங்கே ஒருவன் வீடு தீப்பற்றினால்கூட, அடுத்த வீட்டுக்காரன் இன்றைக்குக் கொஞ்சம் சூடாக இருக்கிறது இல்லையா என்றுதான் ஆரம்பிப்பான். நானும் அவனை மறுபடி கேட்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

தேவாலயம். பிரசங்கம் முழுக்கப் போதகரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வித்தையை எப்போது பழகினேன்? மீசைக்காரர்கள் பேசினால் சிரமமாக இருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

வெர்லினிடம் போய் டிராக்டரை நானே கேட்டு வாங்கி வந்தேன். போட்டிக்கு முன்னால் ஆயில் மாற்றித் தருவதாகச் சாக்கு. கொட்டகையில் ஓட்டி அணைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி அணைத்தேன். துணி காயப்போட வந்த ஆர்டிஸ் கூடையோடு நின்றுவிட்டாள்.

“என்ன அது, தகர டப்பால ஆணியப் போட்டுக் குலுக்கற மாதிரி?”

எது என்றேன். நிற்பதற்குச் சற்று முன்னால் வந்ததே, அது என்றாள். சைலன்சர் என்றேன். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு துணியைக் காயப்போடப் போய்விட்டாள்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். அவளிடமும் பொய். என்னத்துக்கு? கேக்கலன்னு சொன்னா என்ன குறைஞ்சு போயிரும்? — எல்லாம் குறைஞ்சு போயிரும். அதான் சொல்லல.

ஜூலை 17, புதன்

நீளமான திருப்புளியை எடுத்தேன். முனையை இஞ்சினின் அடிப்பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டேன். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். காது இருந்த திமிரில் நான் பல வருஷமாகச் செய்ததில்லை. ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை மறுகையால் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

இருந்தது. கேட்டேன் என்பதைவிடத் தாடையில் உணர்ந்தேன். கடகடவென்று நாலைந்து, பிறகு டொக்.

இந்த வகை இஞ்சினில் அதிர்வைக் குறைக்க உள்ளே இரண்டு பல்சக்கரங்கள் வைத்திருப்பார்கள். அவற்றின் அச்சு தேய்ந்துபோனாலும் ஓடும் வேகத்தில் சத்தம் அமுங்கிவிடும், இஞ்சின் நிற்கும்போதுதான் ஆட்டம் வெளியே தெரியும். முழு வேகத்தில் எடை இழுக்கும்போது சக்கரம் உடைந்தால், இஞ்சினின் இரும்புச் சுவரைப் பிய்த்துக்கொண்டு வரும். ஓட்டுகிறவனின் முழங்கால் அங்கிருந்து இரண்டடி. நான் திருகை முறுக்கி அனுப்பியிருக்கிறேன்.

ஜூலை 18, வியாழன்

இஞ்சினை இறக்கி அடித்தொட்டியைக் கழற்றினேன். ஒரு சக்கரம் விரலால் தொட்டாலே ஆடுகிறது. பல்லின் அடியில் மயிரிழை அளவுக்கு விரிசல். இரண்டையும் எடுத்துவிட்டால் வண்டி கொஞ்சம் கூடுதலாக உதறும், அவ்வளவுதான். ஆனால் தொட்டியில் ஆயில் கசியாமல் அடைக்கும் புது கேஸ்கெட் வரத் திங்கள் ஆகும். போட்டி சனிக்கிழமை.

ஆயில் மாற்றும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று சொல்லிவிடலாம். ‘நல்லவேளை பார்த்தே’ என்று நன்றிகூடச் சொல்வான். ஆர்டிஸ் காட்டிக்கொடுக்க மாட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

வெர்லினிடம் சொன்னேன். சாக்கு எதுவும் சொல்லாமல், முழுவதையும். சக்கரத்தை அவன் கையில் கொடுத்தேன். விரிசலில் நகத்தை வைத்துப் பார்த்தான்.

“அன்னைக்கு உனக்கு ஒண்ணுமே கேக்கலயா?”

“கேக்கல.”

“மூணு தடவையும்?”

“மூணு தடவையும்.”

“கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற யாருகிட்டயாவது காட்டியிருப்பேன், லோவெல். நீ சொன்னன்னுதான் தைரியமா ஓட்டிட்டிருந்தேன். போன சனிக்கிழம எம் பேத்திய மடியில வெச்சுக்கிட்டுப் புல்லு வெட்டினேன்.”

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சக்கரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 20, சனி

சந்தைக்குப் போகவில்லை. வெட்கம்.

ஜூலை 23, செவ்வாய்

இஞ்சினைத் திரும்பப் பூட்டி, டிராக்டரை அவன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவன் கார் வாசலில் நின்றது. வீட்டிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. சாவியை இருக்கையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

சாப்பாட்டு மேஜையில் ஆர்டிஸிடம் சொன்னேன். இரண்டு வருஷமாகவே காது சரியில்லை, மெல்லிய சத்தங்கள் போய்விட்டன என்றேன். சிரிப்பாள், இல்லாவிட்டால் ‘எனக்கு முன்னாலேயே தெரியும்’ என்பாள் என்று நினைத்தேன். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“சமையக்கட்டுலேருந்து கூப்பிடுவேன், நீ பதில் சொல்ல மாட்ட. எம்மேல ஏதோ கோவம்னு நினைச்சேன். என்ன தப்பு பண்ணினேன்னு ரெண்டு வருஷமா யோசிச்சிட்டிருக்கேன் லோவெல்.”

இது எனக்குத் தோன்றவே இல்லை. என் காது, என் பெயர், என் தொழில் என்றே இருந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்துபோய் லா கிராஸ் நகரில் இருக்கும் காது மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினாள். பதின்மூன்றாம் தேதி வரச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பனியில் ஓட்டும் சறுக்கு வண்டி ஒன்று பழுதுக்கு வந்தது, ஆகஸ்டிலேயே. அணைத்தால் என்ன சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தவனையே கேட்டு, அவன் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன். விநோதமாகப் பார்த்தான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலையில் கிளம்பும்போது வாசலில் வெர்லினின் கார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ்தான் சொல்லியிருக்க வேண்டும். “ஏறு” என்றான். நானே ஓட்டிக்கொள்வேன் என்றேன்.

“உன்ன நம்பி அனுப்ப முடியாது. அவங்க என்ன கேட்டாலும் ‘கேக்குது கேக்குது’ன்னு தலையாட்டிட்டு வந்துருவ.”

ஐம்பது மைல். அவன் டிராக்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மருத்துவமனைக் கூடத்தில் ஒரு பழைய பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

என்னை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் இரண்டு கிண்ணங்களை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதிக்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சத்தத்தையும் அனுப்பும்போது அவள் தோள் லேசாக அசைவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்தே ஒன்றுகூட விடாமல் அமுக்கியிருக்கலாம்.

தோள் அசைந்தது. மறுபடி அசைந்தது. நான் பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன்.