ஜிங்க் மாத்திரை

என்னங்க,

இன்று காலை எழுந்ததும் உங்கள் ஜிங்க் மாத்திரைகளையெல்லாம் குப்பையில் கொட்டினேன்.

புரோஸ்டேட்டில் புற்றுநோயா என்று சதை எடுத்துப் பார்க்கச் சொல்லி குளுவாங் ஆஸ்பத்திரி டாக்டர் கடிதம் கொடுத்து ஏழு மாதமாகிறது. "ஜிங்க் சாப்பிட்டா அதெல்லாம் ஓடிரும்லா, டாக்டருக்கு என்னா தெரியும்" என்றீர்கள். இப்போது அதை விற்கவும் தொடங்கிவிட்டீர்கள்.

உணவில் ஜிங்க், அதாவது துத்தநாகச் சத்து, குறைந்தால் புரோஸ்டேட்டுக்கு ஆபத்தாம் என்று எங்கோ படித்ததை முதலில் சொன்னவள் நான்தான். வேதியியல் படித்தவள் என்று நம்பினீர்கள். பிறகு நான் சொன்ன எதையும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் மாத்திரை விற்கக் கூட்டம் வைத்திருக்கிறீர்கள். இருபது வருடமாக நாலு பேர் முன்னால் உங்கள் பெயரை நான் சொன்னதில்லை. அதற்குள் நீங்கள் டாக்டரிடம் போகவில்லையென்றால், அங்கே எழுந்து டாக்டர் கொடுத்த கடிதத்தை உங்கள் பெயரோடு வாசிப்பேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் மனைவி