ஒன்றரை முழத் தட்டானும் லடாக் காற்றும்

அன்பு மகன் வெற்றிச்செல்வனுக்கு, மரக்காணத்திலிருந்து அப்பா தன் கையாலேயே எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், லடாக்கு மலையில் ரோடு போடும் நீயும் சுகமாக இருக்க வேண்டும். இந்த முறை எழுதித்தர யாரையும் தேடிப் போகவில்லை, ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது, ஆனாலும் எழுத எழுத ஆசையாக இருக்கிறது. உப்பு நன்றாக விளைகிறது, உன் தங்கச்சி ரேணுகாவுக்குப் பல்வலி தேவலை.

நான் எழுதப் படிக்கக் கற்கப் போகும் சாயங்கால வகுப்பில் கலைமதி டீச்சர் ஒரு பூச்சிப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் மனிதர்களே இல்லாத காலத்துத் தட்டான் ஒன்று, இறக்கையை விரித்தால் ஒன்றரை முழமாம். நம் உப்புப் பாத்தி மேல் பறப்பது ஒரு சாண்கூட இல்லையே, அது மட்டும் எப்படி அவ்வளவு பெரிதானது என்று டீச்சர் கேட்டதும் நான்தான் முந்திக்கொண்டேன், வாராமல் விட்டால் உப்புக்கல் பெரிதாகிற மாதிரி, யாரும் தொந்தரவு செய்யாமல் ரொம்ப நாள் கிடந்திருக்கும் என்றேன். பக்கத்துப் பாத்தி ராஜாங்கம், "உன்ன யாருப்பா தொந்தரவு பண்ணாங்க, நீ இந்நேரம் பனைமரம் உசரம் இருக்கணுமே" என்றான், வகுப்பே சிரித்தது. பிறகு காரணத்தை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். பூச்சிக்கு நுரையீரல் கிடையாது, உடம்பில் உள்ள ஓட்டைகள் வழியாக மெல்லிய குழாய்களில் காற்று போகிறது, உடம்பு பெருத்தால் உள்ளே கடைசிவரை போய்ச் சேராது. அந்தக் காலத்துக் காற்றில் ஆக்சிஜன் அதிகம், பெரிய உடம்புக்கும் போதுமாக இருந்தது, அது குறைந்ததும் பெரியவை தாங்கவில்லை என்கிறார்கள். பின்னால் பறவைகள் வந்து பெரியதாகப் பார்த்துப் பிடித்துத் தின்றதும் ஒரு காரணமாம்.

படித்ததும் உன் ஞாபகம்தான். நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்று போனில் சொன்னாயே, உன் அம்மா, "உப்பு மூட்ட தூக்குன புள்ளைக்கு என்னா மூச்சு, சோறு சரியா துன்றதில்ல" என்றாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அது சோற்றுக் குறை இல்லையப்பா, மலை உயர உயரக் காற்று மெலிந்துவிடுமாம், அந்தக் காற்றுக் குறை. இன்னும் மேலே உள்ள கேம்புக்கு அனுப்பப் போகிறார்கள், முடியாது என்றால் கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்றாய். சிரிக்கட்டும், என்னைப் பார்த்தும்தான் சிரித்தார்கள். டாக்டரிடம் காட்டு, அவர் சரி என்று சொல்லும்வரை மேலே ஏறாதே, பாரம் தூக்காதே. உன் பலம் இந்தக் கடற்கரைக் காற்றில் வந்தது, அதை அங்கே காட்ட வேண்டாம். காற்று குறைந்தபோது சின்னதாக இருந்த தட்டான்தான் இன்றைக்கும் பாத்தி மேல் பறக்கிறது.

திரௌபதி அம்மன் உனக்குத் துணையிருப்பாள், நல்லா இரு. டாக்டர் சொன்னதைக் கடிதமாகவே எழுதிப் போடு. போன் என்றால் அம்மா பிடுங்கிக்கொள்வாள், கடிதம் என்றால் நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புள்ள அப்பா,
ஆதிமூலம்